கத்தரிக்கோல் தந்த பதின்மூன்று ஆண்டுகள்

1941 ஜனவரி. பிரான்ஸின் லியோன் நகரத்தில் 71 வயது ஓவியர் ஒருவர் குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருந்தார். டாக்டர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: எடுத்த வேலையை முடிக்க இன்னும் மூன்று, நான்கு வருடம் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிலைமை மோசமாகி, ஒருவழியாகப் பிழைத்தார். பணிவிடை செய்த கன்னியாஸ்திரீகள் 'உயிர்த்தெழுந்தவர்' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் ஆன்ரி மத்தீஸ். பிக்காசோவோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர். கேட்டது மூன்று, நான்கு வருடம். கிடைத்தது 13 வருடத்துக்கும் மேல். ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை. வயிற்றுத் தசைகள் பலவீனமாகிவிட்டன. ஈசல் முன்னால் மணிக்கணக்கில் நின்று தீட்ட முடியாது. பெரும்பாலான நேரம் படுக்கை, மீதி நேரம் சக்கர நாற்காலி.

இந்த நிலையில் வேறொருவராக இருந்தால் சின்னச் சின்னப் படங்களோடு திருப்தி அடைந்திருப்பார். மத்தீஸ் படத்தின் அளவைக் குறைக்கவில்லை. கருவியை மாற்றினார். தூரிகையை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

வேலை நடந்த விதம் எளிமையானது. உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் 'குவாஷ்' என்ற கெட்டியான நீர்வண்ணத்தைப் பூசிக் காயவைப்பார்கள். மத்தீஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை நேரடியாக வெட்டுவார். உதவியாளர்கள் ஒவ்வொரு துண்டையும் குண்டூசியால் சுவரில் குத்துவார்கள். 'இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம்' என்று அவர் சொல்லச் சொல்ல, துண்டுகள் இடம் மாறும். ஒரு படம் முடிவாக வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். ரஷ்யாவில் பிறந்த லிடியா டெலெக்டோர்ஸ்கயா என்ற பெண் கடைசிவரை இந்த வேலைகளையெல்லாம் கவனித்துக்கொண்டார்.

சாதாரண ஓவியத்தில் முதலில் கோடு, பிறகு வண்ணம். இங்கே இரண்டும் ஒரே வெட்டில் பிறந்தன. அதனால்தான் இதைக் 'கத்தரிக்கோலால் வரைவது' என்று அவர் சொன்னார்.

முதலில் இதை அவரே முழுமையான கலையாக நினைக்கவில்லை. புத்தகத்தில் அச்சிடுவதற்கான மாதிரி என்றுதான் எண்ணினார். பதிப்பாளர் தெரியாத் கேட்டுக்கொண்டதற்காக உருவான 'ஜாஸ்' என்ற புத்தகம் 1947-ல் வந்தது. 20 வண்ணப் படங்கள். அந்தத் தாள்கள் வெட்டப்பட்ட காலமோ போர்க்காலம். 1944-ல், ஜெர்மானியரை எதிர்த்த இயக்கத்துக்கு உதவியதற்காக, பிரிந்து வாழ்ந்த மனைவி அமேலியும் மகள் மார்கரீத்தும் நாஜி ரகசியப் போலீஸால் கைது செய்யப்பட்டார்கள். மார்கரீத் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். இருவரும் பிழைத்தார்கள். சர்க்கஸ் வித்தை, கோமாளி என்று கலகலப்பாகத் தெரியும் அந்தப் புத்தகத்தில் ஒரு ஓநாயும் இருக்கிறது. நீல வானத்தில் விழும் கறுப்பு மனிதனும் இருக்கிறான்; அவன் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி.

புத்தகத்தைப் பலரும் பாராட்டினார்கள். மத்தீஸுக்கு மட்டும் வருத்தம். வண்ணம் மாறக் கூடாது என்று அவர் பூசிய அதே வண்ணங்களை வைத்துத்தான், தகட்டில் வெட்டிய அச்சுகள் மூலம் கையாலேயே நிரப்பினார்கள். ஆனாலும் வெட்டிய தாளில் இருந்த உயிர் அச்சில் போய்விட்டது என்று நண்பருக்கு எழுதினார். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய தாளின் மேடு, வெட்டின் ஓரம், குண்டூசித் துளை எதுவும் அச்சில் வராது. அந்த ஏமாற்றம் நல்லதாகப் போயிற்று. வெட்டிய தாளே இறுதிப் படைப்பு என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது.

அதற்குள் சுவரும் அவருக்குத் தாளாகிவிட்டிருந்தது. 1946-ல் பாரீஸ் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு கறையை மறைக்க, காகிதத்தில் தூக்கணாங்குருவி போன்ற ஒரு பறவையை வெட்டி ஒட்டச் சொன்னார். அதற்குத் துணையாக ஒரு மீன், அப்புறம் பவளம், பாசி. 16 வருடத்துக்கு முன் தஹீத்தித் தீவில் பார்த்த கடல் சுவர் முழுக்கப் பரவிவிட்டது.

1952 கோடையில் நீச்சல் குளத்தில் குதிப்பவர்களைப் பார்க்க ஆசைப்பட்டு கான் நகரத்துக்குப் போனார். வெயில் தாங்கவில்லை. வீடு திரும்பி, எனக்கு நானே ஒரு குளம் செய்துகொள்கிறேன் என்றார். நீஸ் நகர வீட்டின் சாப்பாட்டு அறையைச் சுற்றி வெள்ளைப் பட்டை. அதில் நீலத் தாளில் நீந்தும் உருவங்கள். 'நீச்சல் குளம்' என்ற அந்தப் படைப்பு இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று சிரித்த விமர்சகர்களும் உண்டு. அதே வருடம் செய்த 'நீல நிர்வாணம்' வரிசையில் ஒரு படத்துக்கு மட்டும் இரண்டு வாரம் வரைந்தும் வெட்டியும் மாற்றியும் உழைத்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

1954 நவம்பர் 3-ம் தேதி மத்தீஸ் மறைந்தார். நான்கு வருடம் கழித்து, அவருடைய கடைசிக் காலப் படைப்புகளை 'வெர்வ்' என்ற பத்திரிகை வண்ண லித்தோகிராஃப்களாக வெளியிட்டது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற குணத்தை வைத்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அச்சாக எடுக்கும் முறை அது. பாரீஸின் பெயர்பெற்ற மூர்லோ அச்சகம் அதைச் செய்தது. பலரும் மத்தீஸின் இலைகளையும் நீலப் பெண்களையும் முதலில் அறிந்தது இப்படிப்பட்ட அச்சுகள் வழியாகத்தான். அழகானவை. ஆனால் அவர் கையால் செய்த லித்தோகிராஃப்கள் அல்ல, அவர் மறைந்த பிறகு வெளிவந்த பிரதிகள். வாங்க நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூலத்தின் ஈர்ப்பு குறையவில்லை. 2014-ல் லண்டன் டேட் மாடர்னில் அந்த வெட்டுத் தாள்களைப் பார்க்க 5 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அங்கே இருந்த 'நத்தை' என்ற படம் கிட்டத்தட்ட ஒன்பதரை அடி உயரம், அதே அளவு அகலம். அதைச் செய்தபோது, உதவியில்லாமல் எழுந்து நிற்கச் சிரமப்பட்ட அவருக்கு வயது 83.