புது மானேஜரும் பழைய நாற்காலியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்க வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரின் கண்கள் சிவந்திருப்பதற்குச் சரக்கு லாரி தாமதமாக வந்தது காரணமல்ல. முந்தைய இரவு இங்கிலாந்துக் கால்பந்து பார்த்ததுதான். மூட்டையைப் பிரித்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டால் வெற்றி தோல்வியைவிட மானேஜரைப் பற்றிய பேச்சே அதிகம். "இந்த ஆள் தேறமாட்டார், மாற்றினால்தான் உருப்படும்" என்று மீசை முளைக்காத பிள்ளை தீர்ப்புச் சொல்கிறது. மாற்றிய மூன்றாம் மாதம் அதே தீர்ப்பு புதியவர்மீதும் விழுகிறது.

கால்பந்து நம் இதழுக்குப் பொருந்தாத விஷயம் என்று சில அன்பர்கள் நினைக்கலாம். ஆனால் பொறுப்பு கைமாறும்போது வாடிக்கையாளர் என்ன எதிர்பார்க்கிறார், அந்த எதிர்பார்ப்பை உண்டாக்குவது யார் என்பது நம் தொழிலின் கேள்வியும்தான். மகனிடமோ மருமகனிடமோ கல்லாவை ஒப்படைக்க வேண்டிய வயதில் நம் சங்கத்தில் பலர் இருக்கிறோம். அவர்கள் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த நாட்டில் கால்பந்து மானேஜர் என்பவர் வெறும் பயிற்சியாளர் அல்ல. யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை விடுவது என்பதிலும் பழைய காலத்தில் அவர் சொல்லே சொல். கொள்முதலும் விற்பனையும் ஒரே கையில்.

1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசன் அங்கே பொறுப்பேற்றபோது 22 அணிகளில் யுனைடெட் 21ஆவது இடத்தில் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டிடம் 2-0 என்று தோல்வி. அடுத்த பருவத்தில் இரண்டாம் இடம் வந்தது; அதற்கடுத்து 11, பிறகு 13 என்று சரிந்தது. 1989 செப்டம்பரில் அதே ஊரின் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரில் ஒரு ரசிகர், மூன்று வருடமாகச் சாக்குத்தான் கேட்கிறோம், போய் வாரும் என்ற பொருளில் துணியில் எழுதி மைதானத்தில் தூக்கிப் பிடித்தார். 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் நடந்த கோப்பை ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் போட்ட ஒரே கோல்தான் ஃபெர்குசனின் வேலையைக் காப்பாற்றியது என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். அவரை நீக்கும் எண்ணம் தங்களுக்கு இருந்ததில்லை என்று அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். எது எப்படியோ, அந்த ஆண்டு மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 26 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 1993இல் லீக் பட்டமும் வந்தது. 2013இல் அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் மட்டும் 13.

இந்தக் கதையைச் சொல்லி "பொறுமை வேண்டும்" என்று முடித்துவிடுவோர் உண்டு. நமக்கு அது போதவில்லை. பொறுமை காட்டியும் தேறாத மானேஜர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது வேறு. ஃபெர்குசன் எடுத்துக்கொண்டது நொடித்துக்கொண்டிருந்த கடை. அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸ் எடுத்துக்கொண்டதோ, அந்த ஆண்டுதான் 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற கடை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மோயஸுக்கு அதிர்ஷ்டம் அடித்ததாகவே தோன்றியது. உள்ளே இருப்பு என்ன என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்திருந்தால்? ரயன் கிக்ஸுக்கு அந்த நவம்பரில் 40 வயது. ரியோ ஃபெர்டினாண்டுக்கு 35. விடிச், எவ்ரா இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். முந்தைய பருவத்தில் லீகில் 26 கோல் போட்ட வான் பெர்சிக்கு 30 வயது. புதிய பருவத்தில் பல வாரங்கள் காயத்தில் கழிந்தன. (ஆட்டக்காரர்களைச் சரக்கோடு ஒப்பிடுவது மரியாதையல்ல, நம் பழக்கத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும்.) ஒரே ஒரு பண்டம் நன்றாக ஓடிய வருடத்தில் மொத்த லாபத்தைப் பார்த்து மகிழ்ந்து, மற்ற அலமாரிகளில் தூசி படிவதைக் கவனியாதிருப்பது நாம் அறியாததா என்ன!

அதோடு நிற்கவில்லை. ஃபெர்குசன் போன அதே கோடையில் நிர்வாகத்தில் வரவு செலவும் பேரமும் பார்த்துவந்த டேவிட் கில்லும் பொறுப்பிலிருந்து விலகினார். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ஒரே மாதத்தில் கடையை விட்டு இறங்கினால் என்ன ஆகும்? அந்த இடத்துக்கு வந்த எட் வுட்வர்டு வங்கித் துறையிலிருந்து வந்தவர். ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தைக்குப் புதியவர். அந்தக் கோடையில் பேசிய பேரங்கள் பல முறிந்து, கடைசி நாளில் ஃபெல்லைனி என்ற ஒருவரை 2 கோடியே 75 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்கள். சந்தை முடியும் நேரத்தில் கொள்முதலுக்குப் போனவன் என்ன விலை கொடுப்பான் என்பதை நம் மண்டி அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மோயஸ் செய்த தவறும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பழைய பயிற்சியாளர்களான மெயுலென்ஸ்டீன், ஃபெலன், எரிக் ஸ்டீல் ஆகியோர் போக, தாம் 11 ஆண்டு இருந்த எவர்ட்டன் கிளப்பிலிருந்து தம் ஆட்களைக் கொண்டுவந்தார். தம் கைக்குப் பழகியவர்களை வைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவராவது கடையில் இருக்க வேண்டாமா? 1974இல் லிவர்பூலில் பில் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது, 1939 முதல் அதே கிளப்பில் இருந்த பாப் பெய்ஸ்லிதான் அந்த இடத்துக்கு வந்தார். உடனிருந்தவர்கள் யாரையும் அவர் கலைக்கவில்லை. முதல் பருவத்தில் அவருக்கும் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஒன்பது பருவங்களின் முடிவில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் இருந்தன.

இனி நாற்காலிக்கு வருவோம். யுனைடெட் கிளப்புக்கு இது புது அனுபவம் அல்ல. 1968இல் ஐரோப்பியக் கோப்பை வென்று தந்த மேட் பஸ்பி, மறு ஆண்டு பொறுப்பை 31 வயது வில்ஃப் மெக்கின்னஸிடம் கொடுத்தார். கொடுத்தவர் வீட்டுக்குப் போகவில்லை. பொது மானேஜர் என்ற பெயரில் அங்கேயே இருந்தார். மெக்கின்னஸ் 1970 டிசம்பர்வரை தாக்குப்பிடித்தார். அடுத்து வந்த ஓ'ஃபாரல் 1972 டிசம்பர்வரை. 1974இல் கிளப் இரண்டாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது. இந்த அனுபவம் இருந்தும், 2013இல் ஃபெர்குசன் இயக்குநராக மைதானத்து இருக்கையில் தொடர்ந்து அமர்ந்தார். மைதானத்தின் ஒரு பக்க அரங்குக்கு அவர் பெயர். வெளியே அவர் சிலை. மானேஜர் உட்காரும் இடம் அந்த அரங்குக்கு நேர் எதிரே. தலை நிமிர்ந்தால் முந்தையவரின் பெயர்தான் மோயஸின் கண்ணில் படும். அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கையில் விலை சொல்லத் தயங்கிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

ரசிகர்கள் கெட்டவர்கள் அல்லர். விடைபெறும் நாளில் ஃபெர்குசன் ஒலிபெருக்கியில், புது மானேஜருக்குத் துணை நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று மோயஸின் படத்தோடு பெரிய பதாகை கட்டினார்கள். எவர்ட்டன், நியூகாசில், வெஸ்ட் பிரோம் என்று பல்லாண்டுகளாக அங்கே வெல்லாத அணிகளெல்லாம் சொந்த மைதானத்தில் வந்து வென்றுபோன பிறகும் அந்தப் பதாகை தொங்கியது. 2014 மார்ச்சில் சிலர் பணம் திரட்டி, மோயஸ் வெளியேற வேண்டும் என்ற வாசகத்தோடு மைதானத்துக்கு மேலே விமானம் விட்டார்கள். கீழே இருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் விமானத்தைப் பார்த்துத்தான் கேலிக் கூச்சல் போட்டார்கள், மானேஜருக்குக் கைதட்டினார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்ட முதலாளிகளே அவரை ஏப்ரல் 22இல், 34 லீக் ஆட்டங்களோடு அனுப்பிவைத்தார்கள். பருவ முடிவில் கிளப் ஏழாம் இடம்.

ரசிகர் என்பவர் விசித்திரமான வாடிக்கையாளர். பருவம் தொடங்கும் முன்பே, சரக்கைக் கண்ணால் பாராமல், மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டுகிறார். நம் வாடிக்கையாளருக்கு மனம் நொந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். ஏன் போனார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. ரசிகரால் அப்படிப் போக முடியாது. (போனவர்களும் உண்டு: 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கி, வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் பிரிந்து தாங்களே எஃப்.சி. யுனைடெட் என்று ஒரு கிளப் தொடங்கினார்கள். எதிர்க் கடைக்குப் போகாமல் சொந்தக் கடை போட்டவர்கள்!) போக வழியில்லாதவர் கையில் சத்தம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அந்தச் சத்தத்தை நாம் குறை சொல்லமாட்டோம்.

குறை சொல்ல வேண்டியது உரிமையாளர்களைத்தான். இருப்பு இவ்வளவு, இதில் விலை போகாதது இவ்வளவு, புதுச் சரக்கு வர இத்தனை காலமாகும் என்று முதல் நாளே அவர்கள் ரசிகர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் வென்ற அணி என்ற பெயர்ப்பலகையை மட்டும் காட்டினார்கள். பலகையைப் பார்த்து வந்தவர் பலகையில் உள்ளதைத்தானே கேட்பார்? அதன் பிறகும் வான் ஹால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று ஆள் மாறினார்களே தவிர, பலகை மாறவில்லை. வான் ஹால் 2016இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற இரண்டாம் நாள் வேலையை இழந்தார்.

மோயஸ் பிற்பாடு என்ன ஆனார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டோம். அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 2023 ஜூனில் வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு ஓர் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார். 1980க்குப் பின் அந்தக் கிளப் கண்ட முதல் பெரிய கோப்பை அது. 2025 ஜனவரியில், இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த எவர்ட்டன் அவரை மீண்டும் அழைத்தது. பருவ முடிவில் அவர்கள் வந்தது 13ஆவது இடம். மான்செஸ்டரில் அவரை ஏழாம் இடத்துக்காக அனுப்பினார்கள். எவர்ட்டன் ரசிகர்கள் பதின்மூன்றாம் இடத்துக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.