வார ஓய்வும் பன்னிரண்டு நாள் இடைவெளியும்

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 52-ஆம் பிரிவு, வயது வந்த தொழிலாளி எவரையும் வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்யப் பணிக்கவோ அனுமதிக்கவோ கூடாது என்று விதித்திருந்தது. தொழிலாளியே விரும்பி வந்தாலும் நிர்வாகம் வேலை கொடுக்கக்கூடாது என்பதே இதன் விளைவாதலால், இரட்டை ஊதியம் தந்து ஓய்வு நாளை விலைக்கு வாங்கும் வழக்கம், நடைமுறையில் எவ்வளவு வேரூன்றியிருந்தாலும், விலக்கு ஆணை இல்லாதவிடத்துச் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்தது. ஞாயிறை மாற்ற விரும்பும் மேலாளர், அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாள்களுக்குள் முழுநாள் விடுமுறை ஒன்றைத் தந்து, அம்மாற்றத்தை ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஆலையிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. எப்படி மாற்றினாலும், எவரும் விடுமுறையின்றித் தொடர்ந்து பத்து நாள்களுக்கு மேல் வேலை செய்யும் நிலை வரக்கூடாது என்பது அப்பிரிவின் இறுதி வரம்பு.

அந்த வரம்புதான் இன்று கவனத்துக்குரியதாகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020, எந்தத் தொழிலாளியையும் ஒரு வாரத்தில் ஆறு நாள்களுக்கு மேல் வேலை செய்ய அனுமதிக்கக்கூடாது என்று தன் 26-ஆம் பிரிவில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பத்து நாள் வரம்பை மோட்டார் போக்குவரத்து நிறுவனங்களுக்கான காப்புரையில் மட்டும் வைத்திருக்கிறது. வாரம் என்பது பொதுவாகச் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் காலமாகையால், ஒரு வாரத்தின் ஞாயிறன்றும் அடுத்த வாரத்தின் சனியன்றும் ஓய்வு தரும் ஷிப்ட் பட்டியல், இடையில் பன்னிரண்டு நாள் இடைவிடாத வேலையைச் சுமத்தினாலும், பிரிவின் வாசகத்தை மீறியதாகாது.

இது வெறும் ஏட்டு வாதம் அன்று. போர்ச்சுகல் நாட்டுச் சூதாட்ட விடுதிப் பணியாளர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வார ஓய்வை ஏழு நாள் காலத்துக்குள் எந்த நாளிலும் தரலாம், ஆறு நாள் வேலை முடிந்த மறுநாளே தர வேண்டியதில்லை என்று 2017 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. இந்தியா 1923-இல் ஏற்புறுதி செய்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 14-ஆம் உடன்படிக்கையும், ஒவ்வொரு ஏழு நாள் காலத்திலும் 24 மணி நேரத் தொடர் ஓய்வு என்று மட்டுமே கூறுவதால், இந்தச் சிக்கலைத் தீர்க்க அது போதாது.

ஈடுசெய் விடுமுறையை, அதாவது விலக்கினால் இழந்த ஓய்வுக்குப் பதிலாக அதே மாதத்திலோ அடுத்த இரு மாதங்களிலோ தரப்படும் விடுமுறையை, இங்கே துணைக்கு அழைக்க முடியாது. பன்னிரண்டு நாள் பட்டியலில், கணக்கின்படி, எந்த ஓய்வும் இழக்கப்படவில்லை. இடைவெளியை விதிகளால் அடைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் சட்டப்பிரிவில் இருந்த பாதுகாப்பு விதிக்கு இறங்கும்போது, நாடாளுமன்றம் கூடாமலே அரசிதழ் அறிவிப்பொன்றால் மாறக்கூடியதாகிவிடுகிறது. அந்த இறக்கத்தைச் சிறு செய்தியாகக் கருதுவதற்கில்லை.

ஆகவே, நிலையாணைகளையும் ஊதிய ஒப்பந்தங்களையும் வரைகின்ற வழக்கறிஞர்களும் தொழிற்சங்க நிர்வாகிகளும், ஓய்வு நாள் குறித்த கூறில் பத்து நாள் வரம்பை வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும்.