ஒன்பதாயிரம் என்றால் எவ்வளவு?

பி.காம் படிக்கிறவனுக்கு நெட்வொர்க் சமாசாரம் எதுக்குடா என்று கேட்கும் நண்பர்கள், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

பண்பொழியிலிருந்து சாயங்காலம் பஸ் பிடித்து தென்காசியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் என்ட்ரி போடுகிறேன். அங்கே சர்வரில் இருக்கும் டேலி டேட்டா, ராத்திரி பின் ரூமில் உள்ள நாஸ் பெட்டிக்கு பேக்கப் ஆகும். நடுவில் இரண்டு ஸ்விட்ச். இரண்டும் வேற வேற கம்பெனி. ஜம்போ ஃப்ரேம் போட்டால் வேகம் கூடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, சாரிடம் அனுமதி வாங்கி, நாலிலும் 9000 என்று போட்டேன்.

அன்று ராத்திரியிலிருந்தே பேக்கப் பாதியில் நின்றிருக்கிறது. நான் கவனித்தது 18ஆம் தேதி. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். அந்த நேரம் சர்வர் படுத்தால் கையில் இருப்பது பழைய காப்பிதான். வயிற்றில் புளியைக் கரைத்தது.

வேடிக்கை என்னவென்றால், பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் 1500லேயே இருந்ததால் அவற்றுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. சர்வரிலிருந்து நாஸுக்குப் பெரிய ஃபைல் மட்டும் நகரவில்லை.

துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு பெரிய பிங் விட்டேன். 9000ல் ஐபி ஹெட்டர் 20, ஐசிஎம்பி 8 கழித்தால் 8972 போக வேண்டும். போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்தேன். 8954 போனது, 8955 போகவில்லை. வித்தியாசம் சரியாக 18 பைட். ஈதர்நெட் ஹெட்டர் 14, கடைசியில் வரும் சரிபார்ப்பு 4. பிடிபட்டது!

நம்ம பாஷையில் சொன்னால், ஒரு கடைக்காரர் 9000 ரூபாய் என்பது ஜிஎஸ்டி சேர்க்காமல். இன்னொருவர் சொல்வது சேர்த்து. அந்த இரண்டாவது ஸ்விட்ச் ஹெட்டரையும் சேர்த்து எண்ணியது. சர்வர் அனுப்பிய 9018 பைட் ஃப்ரேம் அதற்குப் பெரிசு. ரௌட்டராக இருந்தால் திருப்பித் தகவலாவது சொல்லும். ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதன் போர்ட் கணக்கில் 'ஓவர்சைஸ்' எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

பெரிய கம்பெனிகளிலும் இதே கதைதான். சிஸ்கோவில் சாதாரண போர்ட் எம்டியூ 1500. ஜூனிப்பரில் அதே போர்ட் 1514, ஏனென்றால் ஹெட்டர் உள்ளே. ஜம்போ என்பது ஐஇஇஇ 802.3 வரையறுத்த அளவும் கிடையாது. அவரவர் இஷ்டம்.

என் கட்சி இதுதான்: விலைச்சீட்டில் வரி உட்பட என்று போடுகிற மாதிரி, எம்டியூ கேட்கும் இடத்திலேயே 'ஹெட்டர் உட்பட' என்று எல்லா கம்பெனியும் எழுத வேண்டும். அதுவரை ஸ்விட்சில் அது தாங்கும் உச்ச அளவை, 9216 என்றால் 9216ஐ, வைத்துவிட்டு 9000ஐ சர்வரில் மட்டும் போடுங்கள். 8972 பிங் போகாமல் நம்பாதீர்கள்.

லாபக் கணக்கும் பார்த்துவிடுவோம். 1500ல் கம்பியில் போகும் 1538 பைட்டில் 1460 நம் டேட்டா, சுமார் 95 சதவீதம். 9000ல் சுமார் 99. இந்த 4 சதவீதத்துக்காகத்தான் அத்தனை பேர் கணக்கையும் பணயம் வைத்திருக்கிறேன். அன்றைக்கே சர்வரையும் நாஸையும் 1500க்கு மாற்றினேன். ராத்திரி பேக்கப் முழுசாக முடிந்தது. சாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.