பன்னிருவர்க்கு ஒரு காற்றுத்தூண்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று வாங்கப் போகும் தமிழன், அந்தச் சிறு நடைக்குள் தன் நாட்டு வரலாற்றைக் கல்லிற் கண்டுவிடலாம் என எண்ணினால் ஏமாந்தே போவான். அவன் கண்ணிற் படுவது அவனை ஆண்டவரின் வரலாறு. தென்முனையில் துய்ப்ளே நிற்கின்றான். 1870-இல் அவனுக்கு எடுக்கப்பெற்ற படிமை அது. 1748-இல் நகரின் நடுவே நின்ற வேதபுரி ஈசுவரன் கோயில் அவன் ஆட்சியில்தான் இடித்து மண்ணோடு மண்ணாக்கப்பெற்றது. அவனிடமே தலைமைத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பில் அதனை எழுதி வைத்திருக்கின்றார். ஊர்க் கோயிலை இடித்தவனுக்கு ஊர்க் கடற்கரையில் இடம்! காந்தியார் படிமையைச் சூழ நிற்கும் கற்றூண்களோ செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பெற்றவை. அவற்றைச் செதுக்கிய தமிழ்க் கைகளை நினைப்பார் இல்லை. பிரெஞ்சு நகரின் அழகுப் பொருள்களாகவே அவையும் ஒளிப்படங்களிற் சேர்கின்றன.

இவற்றினும் நெஞ்சைச் சுடுவது, அதே சாலையில் 1938-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற போர் நினைவுக்குறி. முதல் உலகப் போரில், ஐரோப்பிய வல்லரசுகளின் கொள்ளைப் பூசலில், பிரெஞ்சுக் கொடியின்கீழ் மாண்டவர்க்காக எடுக்கப்பெற்றது அது. தாய்நாட்டிற்காக மாண்ட பிரெஞ்சிந்தியப் போராளிகட்கு என்று அதன்மேற் பொறித்திருக்கின்றனர். பொறித்த மொழி பிரெஞ்சு. எந்தத் தாய்நாடு? வில்லியனூரும் பாகூரும் பெற்ற பிள்ளைகட்குப் பாரிசு எப்படித் தாயாயிற்று? மாண்டவர்மேற் குறையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீர் கொடியின் நிறம் பார்ப்பதில்லை. குறையெல்லாம் கல்லை நட்டவர் மேலதே. அக்கல் எழுவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னர், அதே பிரெஞ்சு அரசு, அதே நகரில், தமிழ்த் தொழிலாளர் பன்னிருவரைச் சுட்டுக் கொன்றிருந்தது!

1936-ஆம் ஆண்டு சூலை 30. சவானா, உரோடியர், கெப்ளே என்னும் மூன்று துணியாலைகளே அன்று புதுச்சேரி ஏழை மக்களின் உலைக்கு அரிசி. கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் தொழிற்கழகம் அமைத்துக்கொள்ளும் உரிமையும் கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ. சுப்பையா அவர்கட்கு வழிகாட்டி. கேட்டது நாட்டையன்று; ஆட்சியையன்று; உடல் தாங்குமளவு உழைப்பும் வயிறு நிறையுமளவு கூலியுமே. அதற்குச் சவானா ஆலையில் பிரெஞ்சரசு விடுத்த மறுமொழி குண்டுகள். பன்னிருவர் மாண்டனர். அவர் சிந்திய செந்நீரின் விளைவாகவே 1937-ஆம் ஆண்டில் எட்டுமணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவிற் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இஃது முதன்மையானது என்று தொழிலாளர் இயக்கத்தார் பெருமையொடு கூறுவர். இற்றை அலுவலகங்களில் மாலை ஐந்து மணிக்கு மிதிவண்டியை எடுப்பவனும், உந்துவண்டியை எடுப்பவனும், அந்தப் பன்னிருவர்க்குக் கடன்பட்டவனே. அவனுக்கு அது தெரியாது. தெரிவிக்கும் பொருளொன்றும் அவன் நடக்கும் கடற்கரையில் இல்லை.

தொழிலாளர் இயக்கங்கள் ஆண்டுதோறும் சூலை 30-ஐ நினைவுகூர்ந்து வருகின்றன, அது மறுக்கப்பெறவில்லை. ஆயின் நினைவைத் தாங்கிய ஆலைகளே இன்று இல்லை. உரோடியர் ஆலையும், சவானா, கெப்ளே ஆலைகளின் வழிவந்த சுதேசி, பாரதி ஆலைகளும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பெற்றன. ஒரு காலத்தில் ஊருக்கே பொழுது காட்டிய ஆலைச்சங்கு ஓய்ந்துவிட்டது. பாட்டன் வேலை செய்த வாயிலைப் பேரனுக்குக் காட்ட வேண்டுமெனில் பூட்டைத்தான் காட்ட வேண்டும். 2036-ஆம் ஆண்டு சூலை 30 அன்று அந்தப் படுகொலைக்கு நூறாண்டு நிறைகின்றது. அதற்குள் அப்பன்னிருவர்க்கும் கடற்கரையில், பிரெஞ்சுப் போர் நினைவுக்குறிக்கு எதிரெதிராகவே, ஒரு நினைவுத்தூண் எழுதல் வேண்டும். அஃது இன்னொரு கற்படிமையாக இருத்தல் கூடாது. காற்றால் இயங்கும் மாழைத் தூணாக இருத்தல் வேண்டும்.

ஏன் படிமை கூடாது? தமிழ்நாட்டிலும் புதுவையிலும் படிமைகளின் வாழ்வு எப்படி நடக்கின்றதென்று யாரும் அறிவர். திறப்பு நாளில் மாலை. மறுநாள் முதல் காக்கை. தேர்தல் வந்தால் துணிபோட்டு மூடல். தேர்தல் போனால் அவிழ்த்தல். ஆண்டிற்கிருமுறை ஏணி சார்த்தித் தலைவர் ஏறுவார். ஒளிப்படம் எடுத்ததும் இறங்குவார். மேலும், படிமை ஒருவர்க்குரியது, முகமறிந்தவர்க்குரியது. ஆலைத் தொழிலாளியின் முகத்தை அன்று யார் ஓவியமாக எழுதி வைத்தார்? பன்னிருவர்க்கும் பொய்முகம் வார்த்து நிறுத்துவதினும் முகமின்றி நிறுத்துவதே நேர்மை.

காற்றியங்கு நினைவுக்குறி தமிழர்க்கு அயலானது, மேலையர் விளையாட்டு, என்று தனித்தமிழ் அன்பர் சிலரே முகஞ்சுளிக்கக்கூடும். அவர் கழகப் பாடல்களை மறுபடியும் புரட்டிப் பார்த்தல் நன்று. போரில் வீழ்ந்த மறவனுக்கு நட்ட நடுகல்லில் பெயரும் பீடும் எழுதியதோடு தமிழர் நிற்கவில்லை, மயிற்பீலியும் சூட்டினர். பீலி என்ன செய்யும்? காற்றுக்கு அசையும். அசையாத கல்லின்மேல் அசையும் பீலியை வைத்தவன், இறந்தவனுக்கும் இருப்பவனுக்கும் இடையே காற்றைத் தூதாக நிறுத்தினான். அந்தப் பீலியை இரும்பிற் செய்தால் அதுவே காற்றுத்தூண். காற்றைப் பணிகொள்வதும் தமிழனுக்குப் புதிதன்று. கரிகாலனின் முன்னோன் கடலிற் கலஞ்செலுத்திக் காற்றையே ஏவல் கொண்டவன் என்பது வெண்ணிக் குயத்தியாரின் புறநானூற்று 66-ஆம் பாட்டு. இரும்போ? சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் ஆய்வறிக்கையே வெளியிட்டது. காற்றும் நம்முடையது, இரும்பும் நம்முடையது, இரண்டையும் சேர்ப்பது மட்டும் எப்படி அயலாகும்?

உலகம் இதனைச் செய்து காட்டியும் இருக்கின்றது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வயலில் வீழ்ந்த வானூர்தியில் மாண்ட 40 பயணியர்க்கும் பணியாளர்க்கும் அங்கே குரல்களின் கோபுரம் ஒன்று எழுப்பப்பெற்று, 2018-இல் திறந்து வைக்கப்பெற்றது. அந்த ஊர்தியின் எண் 93. கோபுரத்தின் உயரம் 93 அடி. உள்ளே ஆளுக்கொன்றாக 40 அலுமினியக் குழாய் மணிகள். காற்று அடிக்க ஒவ்வொன்றும் தன் தன் ஓசையில் ஒலிக்கும். படிமையும் இல்லை, முகமும் இல்லை. ஆனாலும் நாற்பதில் ஒருவரும் மறக்கப்பெறவில்லை. எண்ணையே நினைவாக்கும் இந்த முறையும் தமிழர் அறிந்ததுதான். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று குமரிக் கடலில் திறக்கப்பெற்ற வள்ளுவர் படிமைக்கு 133 அடி உயரம் வைத்தவர் அதிகாரங்களை எண்ணித்தானே வைத்தனர்?

ஆகவே புதுவைத் தூணில் பன்னிரண்டு இறகுகள் அமையட்டும். பெருமரத் தறிபோல நிமிர்ந்த ஓர் எஃகுத் தண்டு. அதில் கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு நெடிய தகட்டிறகுகள், ஒவ்வொன்றும் தன் அச்சில் தனித்து ஆடுவதாக. ஆலையில் தறியோட்டியவர்க்கு, ஓடும் நாடாவின் வடிவமே அவ்விறகுக்கும் பொருந்தும். மாழைத் தகட்டை இளங்காற்றிலும் ஆடச் செய்வதன் நுட்பம் எடைச்சமனில் இருக்கின்றது. அமெரிக்கச் சிற்பி சார்ச்சு இரிக்கி (1907–2002) நீண்ட எஃகு அலகுகளின் அடிப்பக்கத்தில் ஈயம் ஏற்றி, அச்சின் இருபுறமும் எடையை ஏறத்தாழ ஒப்பாக்கி, மெல்லிய காற்றுக்கும் அவை அசையுமாறு செய்தார். நம் ஊர் நிறைகோலும் ஏற்றமரமும் அறிந்த அதே அறிவுதான்.

இங்கே ஒன்று சொல்லாமற் போக முடியாது. இத்தகைய பணி வருமாயின் அரசுப் பொறியாளர் தம் தாளில் அப்புறுப்புகளை என்ன பெயரால் எழுதுவார்? ஆங்கிலப் பெயரால். வண்டித்தச்சன் ஒருவனை அழைத்து வந்து காட்டினால் அவன் ஒரு நொடியில் எல்லாவற்றிற்கும் பெயர் சொல்லிவிடுவான்: நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால், உள்ளே அச்சு, கழலாமற் காப்பது கடையாணி. பட்டறைகளில் 'பேரிங்கு' என்னும் குண்டுத்தாங்கி ஒன்றுதான் அவனுக்குப் புதிது. எழுதப் படிக்க அறியாதவன் வாயில் தமிழ் உயிரோடிருக்கின்றது; படித்தவன் கோப்பில் செத்துக் கிடக்கின்றது.

காற்றின் பெயர்களும் அப்படியே. கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று கோடை, வடக்கினின்று வாடை, தெற்கினின்று தென்றல். மீனவர் நாவில் சோழகமும் கச்சானும் இன்னும் வழங்குகின்றன. இத்தனை பெயர் வைத்த இனத்தின் நகரில், காற்றைச் சொல்ல வடமொழி 'வாயு'வும், காற்றாடும் படைப்பைச் சொல்ல ஆங்கில நெடுஞ்சொல்லும் கடன்வாங்க வேண்டிய வறுமை யார்க்கு? தூணின் அடியில் நான்கு திசைக்கும் நான்கு தமிழ்க் காற்றின் பெயர் பொறித்தால், பள்ளிப் பிள்ளை இறகு பார்த்தே இன்று வீசுவது கொண்டல், இன்று வாடை என்று கற்கும்.

இனி, கடற்கரையின் கொடுமையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். உப்புக்காற்று சாதிப்பெயர் பார்க்காமல் எந்த இரும்பையும் தின்னும். 1866-இல் அமைத்த பழைய இரும்புப் பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. பின்னர்க் கட்டிய பாலத்திலும் ஒருபகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் வீழ்ந்தது. அடுக்களையில் 'எவர்சில்வர்' என்று அயற்பெயரால் வழங்குகின்ற துருப்பிடியா எஃகிலும் எல்லா வகையும் கடலுக்குத் தாங்கா. மாலிப்டினம் கலந்த வகையே தகுந்தது. புயலோ இன்னும் பெரிது. 1916 நவம்பரில் அடித்த புயலைப் பாரதியார் இந்நகரிலிருந்தே கண்டு பாடினார். 2011 திசம்பர் 30-இல் வந்த தானே புயலின் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை விரைந்தது. காற்றின் விரைவு பத்து மடங்கானால் அதன் தள்ளுவிசை நூறு மடங்காகும். மாலையில் 14 கிலோமீட்டர் விரைவில் தடவும் கடற்காற்றுக்கு ஆடும் இறகு, தானேயின் நூறு மடங்கு விசைக்கும் முறியாதிருத்தல் வேண்டும். அதற்கு வழி எதிர்த்து நிற்பதன்று. மிகுகாற்றில் இறகு தானே திரும்பித் தன் விளிம்பைக் காற்றுக்குக் காட்டுமாறு அமைத்தால் விசை வழுவிப் போகும். நாணல் அறிந்த நுட்பம் இது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பார் வருவர். வெள்ளையர் வாழ்ந்த தெருக்களுக்கு வண்ணம் பூசவும், பிரெஞ்சுப் பெயர்ப்பலகை மாட்டவும், அவற்றைக் காட்டிச் சுற்றுலா வளர்க்கவும் பணம் இருக்கின்றது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வாழ்ந்து, ஆலையில் பஞ்சுத் தூசு குடித்து, குண்டுக்கு மார்பு காட்டியவர்க்கு என்றால் மட்டும் கருவூலம் காய்ந்துவிடுமோ? பெருஞ்செலவும் வேண்டுவதில்லை. வெளிநாட்டுச் சிற்பியை வானூர்தியில் வரவழைக்க வேண்டா. மாழையை மெழுகில் வார்த்தெடுக்கும் சுவாமிமலைக் கைவினைஞர் இருக்கின்றனர். தகட்டை வெட்டிப் பற்றவைக்கும் இளைஞர் புதுச்சேரிப் பட்டறைகளிலேயே இருக்கின்றனர். அவருட் சிலர் ஆலைத் தொழிலாளியின் பேரராகவும் இருக்கக்கூடும். மூடிய ஆலைகளில் பழம்பொறியின் இரும்பு எஞ்சியிருப்பின், அதனை எடைக்குப் போடாமல் அடித்தளத்திற்குள் பதிக்கலாம். வார்ப்பிரும்பு உப்புக்காற்றிலே துருவேறும். ஆதலின் இறகுக்கு ஆகாது, அடிக்கு ஆகும்.

ஓசையையும் மறத்தல் கூடாது. தண்டின் உச்சியில் ஒரு குழல் வைத்து, கடற்காற்று வாய்புகுந்தால் தாழ்ந்த குரலில் ஊதுமாறு செய்யலாம். ஓய்ந்துபோன ஆலைச்சங்கின் குரல் அது. சூலைத் திங்களில் புதுவையில் முற்பகலில் மேல்காற்று அடிக்கும். பிற்பகலில் கடற்காற்று எதிரேறி வரும். ஆகவே நினைவுநாளன்று காலையில் பன்னிரண்டு இறகும் கடலை நோக்கிச் சாயும். மாலையில் நகரை நோக்கித் திரும்பும். எந்த அமைச்சரும் ஏணி ஏறி மாலையிட வேண்டுவதில்லை.

இறுதியாக எழுத்து. இந்நகரின் பழைய நினைவுக்கற்களில் தமிழ் தேடிப் பார்த்துச் சலித்துப் போயிற்று. இத்தூணின் பட்டயத்தில் 1936 என்னும் ஆண்டும், சவானா என்னும் ஆலையும், எட்டுமணி என்னும் சொல்லும், பன்னிருவரின் பெயரும் தமிழில், தமிழெழுத்தில், கண்பார்வை மங்கிய கிழவரும் படிக்குமளவிற் பெரிதாக, முன்புறத்தில் பொறிக்கப்பெறல் வேண்டும். சுட்டது எந்த அரசு என்பதும் ஒளிக்காமல் எழுதப்பெறல் வேண்டும். பிறமொழியிலும் எழுத வேண்டுமென்பார் பின்புறத்தில் எழுதிக்கொள்ளட்டும்.