பட்டில் பார்க்கிற பார்வையை சாக்லேட்டிலும் பாருங்கள்

ஆரணிக்காரர்களுக்குப் பட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்த்துவிடுவார்கள். முடி பொசுங்கிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். ஆனால் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே சாக்லேட்டை உருக்கி அச்சில் வார்க்கும்போது, 'இது அசல்தானா?' என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கேக் சாமான் கடையில் 'சாக்லேட் ஸ்லாப்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது காம்பவுண்ட். கோகோ பவுடர், சர்க்கரை, அதோடு பாம் கெர்னல் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு. அசல் சாக்லேட்டில் அந்தக் கொழுப்பின் இடத்தில் இருப்பது கோகோ பட்டர். இரண்டும் பார்க்க ஒரே நிறம்தான். பாக்கெட்டைத் திருப்பினால் தெரிந்துவிடும். எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும். சர்க்கரைக்கு அடுத்து 'வெஜிடபிள் ஃபேட்' என்று இருந்தால், முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அது காம்பவுண்ட்தான்.

அப்படியானால் காம்பவுண்டே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே வெயிலும் ஒரு கட்சிக்காரர்.

கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியில் உருகும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். மே மாதத்தில் வேலூர், ஆரணி பக்கம் வெயில் 40-ஐத் தாண்டுவது புதிதில்லை. அதுவும் போக, கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகைக்கு மட்டும்தான் பளபளப்பு, 'டக்'கென்று உடையும் தன்மை, லேசாகச் சுருங்கி அச்சிலிருந்து தானாகக் கழன்று வரும் குணம் எல்லாம் உண்டு. அதை வரவழைப்பதற்குப் பெயர் டெம்பரிங். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 27-28-க்கு இறக்கி, மறுபடி 31-32-க்கு ஏற்ற வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு இன்னும் ஓரிரு டிகிரி குறைவு. அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது இதெல்லாம் நடக்குமா? ஏசி இருந்தால், அதுவும் விடியற்காலையில், முயன்று பார்க்கலாம்.

காம்பவுண்டுக்கு இந்தப் பாடு கிடையாது. உருக்கு, ஊற்று, குளிரவை, அவ்வளவுதான். சுத்தியலால் உடைக்கும் பினாட்டா கேக்கின் ஓடு, சாக்லேட் கிண்ணம் மாதிரி வடிவம் நிற்க வேண்டியவற்றுக்கு, ஏசி இல்லாத வீட்டில் கோடையில் அதுவே சரி.

மூஸ், புட்டிங் போன்றவை வேறு கதை. உருக்கிய சாக்லேட்டை க்ரீமுடன் கலந்து அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள். டெம்பரிங்கே தேவையில்லை, நாக்குக்குத் தெரிவதெல்லாம் சாக்லேட்டின் ருசிதான். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆனால் நாம் செய்வது தலைகீழ்: கண்ணுக்குத் தெரிகிற ஓட்டுக்கு விலை உயர்ந்ததை வாங்கிவிட்டு, உள்ளே போகிற மூஸுக்கு மலிவானதைப் போடுகிறோம்.

செலவைக் குறைக்க இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாம் கெர்னல் கொழுப்பும் கோகோ பட்டரும் ஒத்துப்போகாது. கலவை இளகி, மேலே வெளுப்பு பூக்கும். இன்னொன்று, கொழுக்கட்டை அச்சுக்கு எண்ணெய் தடவுகிற பழக்கத்தில் சாக்லேட் அச்சுக்கும் தடவாதீர்கள். பளபளப்பு போய்விடும். அச்சில் ஈரமும் இருக்கக் கூடாது. உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே திரிந்து மண் மாதிரி ஆகிவிடும்.

எனக்கு உறுத்துவது காம்பவுண்ட் அல்ல, அதற்கு வைக்கிற பெயர். ஐரோப்பாவில் இந்தப் பெயர்ச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2000-ல்தான் கோகோ பட்டர் தவிர வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரை இருக்கலாம், ஆனால் லேபிளில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. வெறும் 5 சதவீதத்துக்கே அவ்வளவு தகராறு. இங்கே கோகோ பட்டரே இல்லாததை 'ப்யூர் ஹோம்மேட் சாக்லேட்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு ஆர்டர் எடுக்கிறோம். ஆர்ட் சில்க்கை ஆர்ட் சில்க் என்று சொல்லி விற்றால் ஆரணியில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பட்டு என்று சொல்லிப் பாருங்கள்!

வீட்டிலிருந்து விற்பவர்கள் விலைப்பட்டியலில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: காம்பவுண்டில் செய்தால் இவ்வளவு, அசல் சாக்லேட்டில் இவ்வளவு. கூடவே, ஏப்ரல், மே மாதங்களில் அசல் சாக்லேட் ஓட்டுக்கு ஆர்டர் எடுப்பதில்லை என்றும் போட்டுவிடுங்கள்.