பண்டிதருக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?

"பழைய ஏடு படித்த மனுஷருக்குப் பந்து விளையாட்டில் என்ன வேலை?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். அவர் குறிப்பிட்டது எங்கள் பேட்டையில் குடியிருக்கும் ஒரு பெரியவரை. புராதன சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பிக் கடையில் பத்திரிகையை விரித்தால் முதலில் சட்டசபைச் செய்தி. அடுத்து நேரே கடைசிப் பக்கம், அமெரிக்கக் கூடைப்பந்து முடிவுகள். இரண்டுக்கும் நடுவே ரோமாபுரியும் சாணக்கியரும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குக் காப்பி ஆறிப்போகும்.

படித்தவர் தம் துறையோடு நிற்க வேண்டும், தேர்தலையும் ஆட்டத்தையும் பேசினால் அவர் கௌரவம் குறைந்துவிடும் என்பது அன்பரின் கட்சி. நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, நம் மைசூரிலேயே இருக்கிறது.

கிருஷ்ணராஜ புலிவார் சாலையில் உள்ள ஜூபிலி கட்டடத்தை அறியாதவர் இல்லை. உள்ளே போனவர்தான் குறைவு. அரசாங்கக் கீழ்த்திசை நூலகமாக 1891ல் தொடங்கி, இன்று கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்ற ஸ்தாபனம் அது. அங்கே நூலகராக இருந்தவர் ருத்ரபட்டணம் சாம சாஸ்திரி. தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் அந்த நூலகத்தில் ஒரு கிரந்த எழுத்துச் சுவடியைச் சேர்ப்பித்தார். சாஸ்திரியார் அதைப் புரட்டியபோதுதான், பல நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டும் தெரிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது என்று தெரிந்தது. 1909ல் மூலத்தை அச்சிட்டார். 1915ல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் புத்தகமாகக் கொண்டுவந்தார். இந்தியர்களுக்கு வேதாந்தம் தெரியும், ராஜ்யம் ஆளத் தெரியாது என்று பேசிக்கொண்டிருந்த துரைமார்களுக்கு அந்தப் புத்தகமே பதிலாக அமைந்தது. ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்தான் அன்றைய அரசியலில் அவ்வளவு பெரிய கல்லைப் போட்டார்! (தஞ்சாவூர் வழியாகப் போகும் ரயில் இன்றும் மாலையில் நம் ஊரிலிருந்து புறப்படுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பண்டிதர் நினைவுதான்.)

நிற்க. அந்த நூலில் வரிவிதிப்பும் ஒற்றர் வேலையும் மட்டும்தான் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்று கணக்கிட்டுச் சொல்கிறது. குமாஸ்தா வேலை பார்க்கிற எவரும் அந்தப் பகுதியைப் புன்னகையோடுதான் படிப்பார்கள். விளையாட்டும் அதில் உண்டு. புதிதாகக் குடியேற்றிய கிராமங்களில் கேளிக்கைக்கென்று மண்டபங்கள் கூடாது, ஆட்டக்காரரும் பாட்டுக்காரரும் வந்து குடியானவர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்கிறார் கௌடில்யர். சூதாட்டத்தை மட்டும் அவர் ஒழிக்கச் சொல்லவில்லை. ஓரிடத்தில் வைத்து நடத்தி, வென்ற தொகையில் நூற்றுக்கு 5 அரசுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

நம் பெரியவர் இந்த இடத்தில்தான் பத்திரிகையைத் தட்டுவார். "பாருங்கோ சார், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்கு 2023 அக்டோபரில் 28 சதவிகித வரி போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்து அதையே தடை செய்தார்கள். பங்கு வாங்குவதா, மூடிவிடுவதா என்று சர்க்கார் தவிப்பது இன்று நேற்று வந்ததா?" என்பார். தலையங்கம் படித்து எனக்கு விளங்காத விஷயம் இந்த ஒரு பேச்சில் விளங்கியது.

கூடைப்பந்துக்கு வருவோம். இது 1891ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம். நம் நூலகம் பிறந்ததும் அதே வருஷம் என்பதில் பெரியவருக்கு ஒரு தனிக் குஷி. சம்பளத்துக்கு ஆடும் அந்நாட்டு அணிகள் 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து பம்பாயில் ஆடின. அதே நாட்களில் ஹூஸ்டன் அணியின் நிர்வாகி ஒருவர் ஹாங்காங் கிளர்ச்சிக்காரர்களை ஆதரித்து ஒரு வரி எழுதப்போக, சீனா தன் அரசு டெலிவிஷனில் அந்த ஆட்டங்களின் ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. ஒரு பக்கம் ஆட்டம், மறுபக்கம் ராஜதந்திரம் என்று எங்கே கோடு கிழிப்பது?

இதுவும் புதிதல்ல. கி.பி. 532ல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் தேர்ப்பந்தய ரசிகர்கள் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்திருந்தார்கள். இரண்டு கட்சியும் ஒருநாள் ஒன்றுசேர்ந்து ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் மேல் பாய்ந்தன. நகரில் பாதி எரிந்தது. பந்தய மைதானத்துக்குள்ளேயே சுமார் 30,000 பேர் வெட்டுண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கொடியின் நிறத்தை வைத்து மனிதனை வெறுக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? காவிரித் தண்ணீர்த் தகராறு வரும்போதெல்லாம் கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்துப் பழகிய நமக்கு அந்தக் கதை அந்நியமாகப் படாது.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே கூடைப்பந்து ஆடியே பிழைக்க நிலையான வழி இல்லை. பஞ்சாப் கிராமத்திலிருந்து போன சத்னாம் சிங்கை 2015ல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. அது ஆயிரத்தில் ஒரு கதை. மற்றவர்களுக்குக் கதி ரயில்வே, போலீஸ், பாங்கு உத்தியோகம்தான். இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்து 2021ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியர். காலையில் பேரேடு, மாலையில் பந்து என்று இருக்கும் சகோதரிகளை நான் பக்கத்து மேஜையில் பார்த்தவன். கௌடில்யர் மண்டபம் கூடாது என்றார். நம் சர்க்கார் ஆட்டக்காரருக்கு நாற்காலி கொடுத்தது. இது சரிதானா, ஆட்டத்துக்கே கூலி கொடுக்கும் காலம் வர வேண்டாமா என்பது அரசியல் கேள்வி. இதைச் சரித்திரம் தெரிந்தவர் கேட்டால் என்ன குற்றம்?

அவர் பேசாமல் இருந்தால் வரும் நஷ்டத்தையும் சொல்கிறேன். மத்தியத் தொல்லியல் இலாகாவின் தலைமைக் கல்வெட்டு அலுவலகம் 1966ல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. கூடவே தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பது மைப்படி. மூலக் கல் பல இடங்களில் உடைந்தும் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தும் போனபின் சாட்சியாக மிஞ்சுவது அந்தக் காகிதம் ஒன்றே. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. உடனே "எங்கள் கல்", "உங்கள் ஊர்" என்று இரு மாநில மேடைகளிலும் பேச்சு எழுந்தது. இங்கே இருக்கும் தமிழர்களாகிய நமக்கு அப்போதுதான், சோழன் காலத்து எழுத்து 55 வருஷமாக நம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது என்று தெரிந்தது! எத்தனை பேர் ஒருநாளாவது பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டினோம்? நானும் போகவில்லை. அங்கே படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் அறிக்கைகளில் இருந்தது, நம் காப்பிக் கடைக்கு வரவில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இந்தப் பக்கத்தில் வாரம் ஒருமுறை, கல்வெட்டையும் தேர்தலையும் பந்தாட்டத்தையும் ஒரே மூச்சில் பேசும் ஒரு படித்தவருக்கு இடம் ஒதுக்க வேண்டும். கன்னடப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆட்டச் செய்திக்காக ஆரம்பித்து, தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்தாலும் லாபமே.

பெரியவரிடம் கேட்டும் பார்த்தேன். "தமிழில் எழுதி நாளாச்சே, கை வராது" என்றார். "நீங்கள் சொல்லுங்கள் சார், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். சற்று யோசித்தார். "சரி, ஆனால் ஒரு நிபந்தனை. சாணக்கியரை வெட்டினாலும் வெட்டுங்கள், பாஸ்கெட்பால் முடிவை மட்டும் ஆசிரியர் வெட்டக் கூடாது" என்றார்.