நொடிக்கு முப்பது பிரேம் போதும்

2020-ல் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் பீளமேட்டு ஓடுபாதையிலிருந்து விமானத்தை எழுப்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செலுத்தும் நம் கோவை இளைஞர்கள், காட்சி தடுமாறியவுடன் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை ஏற்றுவதே பரிகாரமென்று கருதுவது தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். வேகத்தோடு ஏற்றப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மின்செலவும் உஷ்ணமும் பெருகுவதாலும், உஷ்ணம் எல்லை மீறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதாலும், சித்திரை வெயிலில் ஏற்றிய வேகம் வெகுசீக்கிரம் விரயமாகிறது. அதற்கு மாறாக, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, ஒவ்வொரு படியிலும் பறந்து பார்த்து, பிரேமை நொடிக்கு 30 என்று கட்டிவிட்டால், ஒவ்வொரு சித்திரமும் 33 மில்லிநொடிக்கு ஒன்றாகச் சீராக வந்து, அறுபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே அலையும் காட்சியைவிடக் கண்ணுக்கு எவ்வளவோ இதமாயிருக்கும். பெருநகரங்களின் மேல் பறக்கையில் நேரும் சுணக்கமோ பெரும்பாலும் பிராசசரைச் சேர்ந்தது. அங்கே கார்டை நொந்து பிரயோஜனமில்லை.

1937-லேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊரின் பிள்ளைகளுக்கு யந்திரத்தின் சூட்டறிவு புதிதன்று. ஆகவே தம்பிகளே, புதிய கார்டுக்காகப் பெற்றோரிடம் பணம் கேட்குமுன், கணினிப் பெட்டியைத் திறந்து, விசிறியில் அடைந்திருக்கும் தூசியை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.